மான் கூண்டு காலியான இடத்தில் என்ன வைப்பது?

எங்கள் ஊர்ப் பூங்காவில் புள்ளிமான்கள் நின்ற இடம் காலியாகக் கிடக்கிறது. மான்களை வனத்துறையினர் வண்டியேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருப்பவை ஒரு முயல் கூண்டு, இரண்டு பறவைக் கூண்டு, அடியில் துருப்பிடித்த ஒரு சறுக்குமரம், நல்ல நிழல் தரும் ஐந்து புங்க மரங்கள். மொத்தம் முக்கால் ஏக்கர் தேறும். அதைச் சிறுவர் பகுதியாகத் திருத்தப் போகிறார்கள். போன மாதம் வார்டுக் கூட்டத்தில் மூன்று வரைபடங்களை விரித்து வைத்து, எது வேண்டும் என்று கேட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை எழுந்து நாலாவதாக ஒரு யோசனையும் சொன்னார். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

நான் முப்பத்தோரு வருஷம் கால்நடைத் துறையில் ஆய்வாளராக வேலை பார்த்தவன். ஆறு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். நாலு யோசனைகளையும் அவளை மனதில் வைத்துக்கொண்டு அலசிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த முயல் கூண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் பேத்தியை அங்கே அழைத்துப் போயிருந்தேன். உள்ளே நாலு வெள்ளை முயல்கள். மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை. ஒன்று மூலையில் வயிற்றைத் தரையோடு ஒட்டி நீட்டிப் படுத்துக் கிடந்தது. மூக்கும் விலாவும் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டை அந்த நீளக் காது வழியாகத்தான் அது வெளியேற்ற வேண்டும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் அதன் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். வெளியே ஏழெட்டுப் பிள்ளைகள் வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பையன் குச்சியை உள்ளே விட்டு ஆட்டினான். முயல் எழுந்து எதிர்மூலைக்குப் போனது. அங்கேயும் ஆள் நின்றார்கள். திரும்பி வந்தது.

“தாத்தா, இதுக்கு ஒளிஞ்சுக்க இடமே இல்லையா?” என்று கேட்டாள் பேத்தி.

அவள் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஒரு உயிரைப் பார்க்க வருகிறார்கள். அந்த உயிருக்கு இஷ்டமில்லை என்றால் விலகிப் போக வழி இருக்க வேண்டும். அந்த வழி இருக்கிற இடத்தில் பிள்ளைகளும் தானாகவே அடங்கி, காத்திருந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். வழியில்லாத இடத்தில் குச்சிதான் கையில் ஏறுகிறது.

முதல் வரைபடம் பழையதையே புதிதாக்குவது. மான் கூண்டு, முயல், வெள்ளெலி, லவ் பேர்ட்ஸ், அழகான வளைவு, டைல்ஸ் நடைபாதை. கூட்டத்தில் இதற்குத்தான் கை நிறைய உயர்ந்தது. ஏன் என்று புரிகிறது. நாமெல்லாம் சின்ன வயதில் மானுக்குக் கீரைத்தண்டு நீட்டியவர்கள்தான். நம் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும் என்ற ஆசை இருக்கத்தானே செய்யும்!

ஆனால் காலம் மாறிவிட்டது, சட்டமும் மாறிவிட்டது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னால் சேர்த்த பிரிவுகளின்படி, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்த உயிரியல் பூங்காவையும் நடத்த முடியாது. ஒரு மானுக்கு இவ்வளவு இடம், இத்தனை பணியாளர், கால்நடை மருத்துவர் என்று ஆணையம் கணக்குக் கேட்கும். கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்காவில் மாநகராட்சி நடத்திய உயிரியல் பூங்காவுக்கே, இடவசதி போதாது என்று 2022இல் அங்கீகாரம் ரத்தாகிவிட்டது. அதற்கப்புறம் அங்கிருந்த விலங்குகளை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஒரு மாநகராட்சிக்கே அப்படி என்றால், முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் நகராட்சி என்ன செய்ய முடியும்? சரி, அங்கீகாரம் கிடைத்தாலும் கீரைத்தண்டு நீட்ட முடியாது. உயிரியல் பூங்காவில் உள்ள விலங்குகளைச் சீண்டுவதோடு தீனி போடுவதையும் 38ஜே பிரிவு தடுக்கிறது. நாம் நினைவில் வைத்திருக்கும் சந்தோஷத்தை அந்தக் கூண்டு இனிமேல் தராது.

மான் பார்க்க வேண்டுமானால் நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. கோடியக்கரை பக்கத்தில்தான் இருக்கிறது. வெளிமான் கூட்டம் திறந்த புல்வெளியில் துள்ளுவதை ஒருமுறை பார்த்த பிள்ளை கூண்டு மானைத் தேடாது. அதனால் முதல் வரைபடத்தை நான் ஒதுக்கிவிட்டேன். அந்த நாலு முயல்களையும் அடுத்த கத்திரி வருவதற்குள் நல்ல வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது வரைபடம் விளையாட்டுச் சாமான்கள். ஃபைபர் டைனோசர், யானை வடிவச் சறுக்குமரம், ரப்பர் தரை, நீரூற்று. பராமரிப்பு சுலபம் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. டவுனில் முற்றம் வைத்த வீடு எங்கே மிச்சம் இருக்கிறது?

எனக்கு இதில் இரண்டு தயக்கம். ஒன்று, வெயில். மே மாதம் பதினோரு மணிக்கு மேல் ரப்பர் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஃபைபர் சறுக்குமரம் தொடையைச் சுட்டுவிடும். வரைபடத்தில் இந்தச் சாமான்கள் முழுவதும் வெட்டவெளியில் இருக்கின்றன. புங்க மரங்களில் மூன்றை ‘அகற்றப்பட வேண்டியவை’ என்று சிவப்பில் குறித்திருக்கிறார்கள். இரண்டு, காற்று. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. உயரமான ஃபைபர் பொம்மைகளை இங்கே நட்டு வைப்பதற்கு முன் அந்த ராத்திரியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதோடு, சறுக்குமரத்தை ஊரில் எந்தப் பூங்காவிலும் வைத்துவிடலாம். இந்த இடத்துக்குப் பிள்ளைகள் உயிர்களைப் பார்க்க என்றுதான் வருகிறார்கள். பழைய சறுக்குமரத்தைச் சரிசெய்து புங்க நிழலுக்கு நகர்த்தி வைத்தால் போதும். இரண்டாவது வரைபடத்திலிருந்து எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்றாவது வரைபடம் ஒரு சிறு பண்ணை. ஆடு, கோழி, வாத்து, கன்றுக்குட்டி. பிள்ளைகள் உள்ளே போய்த் தொட்டுப் பார்க்கலாம். இதில் எனக்குப் பழக்கம் உண்டு, அதனால் இதன் நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். டெல்டாவில் வளரும் பிள்ளை ஆட்டையும் மாட்டையும் பார்க்கப் பூங்காவுக்கு வர வேண்டுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வர வேண்டியதாகிவிட்டது. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின் என்று ஆனபிறகு கிராமத்திலேயே தொழுவம் குறைந்துவிட்டது. டவுன் பிள்ளைக்குப் பால் என்றால் பாக்கெட்தான். நம் மண்ணுக்கென்றே ஒரு மாடு இருக்கிறது என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

உம்பளச்சேரி மாட்டைத்தான் சொல்கிறேன். நாகப்பட்டினம் ஜில்லாவில் தலைஞாயிறு பக்கத்து ஊரின் பெயர் அது. குட்டைக் கால், உறுதியான உடம்பு. சேற்று வயலில் இறங்கி நாள் முழுக்க உழுவதற்கென்றே வார்த்தது போல இருக்கும். காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். நெற்றியில் வெள்ளை நட்சத்திரம், குளம்புக்கு மேலே சாக்ஸ் போட்டது போல வெள்ளை. இந்த இனத்தைக் காப்பாற்றவென்றே திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கொருக்கையில் அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது.

இந்தக் கன்று பிறக்கும்போது செங்காவி நிறத்தில் இருக்கும். ஆறேழு மாதத்தில் அந்தச் சிவப்பு உதிர்ந்து சாம்பல் நிறம் ஏறிவிடும். பொங்கல் லீவில் சிவப்புக் கன்றைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டுப் போன பிள்ளை, ஆடி மாதம் திரும்பி வந்தால் ‘அது எங்கே?’ என்று தேடும். முன்னால் நிற்பதுதான் அது என்று சொன்னால் நம்பாது. நெற்றி நட்சத்திரத்தை அடையாளம் காட்ட வேண்டும். ஃபைபர் டைனோசரால் இப்படி ஒரு பிள்ளையை மறுபடி வரவழைக்க முடியாது.

இனி கெட்டது. உம்பளச்சேரி கொஞ்சம் முரட்டு ஜாதி. கன்று ஈன்ற பசு அந்நியரைக் கிட்டே விடாது. அதனால் தாயும் கன்றும் தாழ்வான வேலிக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும், பிள்ளைகள் இந்தப் பக்கம். கன்றுக்கு மனமிருந்தால் வேலியோரம் வந்து கையை நக்கும். இல்லாவிட்டால் தாயிடம் போய்விடும். ஆட்டிலும் கிடாய் கூடாது, சினையாடும் கூடாது. கொம்பு நுனி சின்னப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு நேராக வரும் என்பதால் கொம்பில்லாத ஆடுகளாகப் பொறுக்க வேண்டும். ஏறி நிற்க ஒரு மேடை, மேடைக்குப் பின்னால் ஆடு மட்டும் நுழையக்கூடிய சந்து, சந்துக்கு அப்பால் பிள்ளைகள் வர முடியாத நிழல் கொட்டகை. இந்தச் சந்து வரைபடத்தில் இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு கை தன்மேல் பட்டால் எந்த ஆடும் முட்டத்தான் செய்யும்.

அதைவிடப் பெரிய விஷயம் நோய். சில வருஷங்களுக்கு முன் பேரன் வயதுப் பிள்ளைகளோடு ஒரு பண்ணைச் சுற்றுலாவுக்குத் துணைக்குப் போயிருந்தேன். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார்கள், கன்றைத் தடவினார்கள், எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்தார்கள். நாற்பது பிள்ளைகளும் வரிசையாக அதே வாளியில் கையை முக்கி எடுத்தார்கள். கடைசிப் பிள்ளை முக்கும்போது தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அடுத்து கையில் புளிசாதப் பொட்டலம். நான் போய்ச் சொன்னேன். ‘எங்க பண்ணையில இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல சார்’ என்று பதில் வந்தது.

ஒன்றும் ஆகாமல் இருந்தது அதிர்ஷ்டம். மாடு, ஆட்டின் குடலில் அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும் சில ஈ.கோலி கிருமிகள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். கோழி, வாத்திலிருந்து சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வரலாம். கன்றின் தோலில் இருக்கும் படர்தாமரை தொட்ட கைக்கு ஒட்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவினால் இதில் பெரும்பகுதி போய்விடும். கையில் சாணியும் மண்ணும் ஒட்டியிருக்கும்போது சானிடைசர் மட்டும் பூசினால் போதாது. அதனால் பண்ணை என்றால் வெளியே வரும் வாசலிலேயே, பிள்ளைகள் உயரத்துக்கு, வரிசையாகக் குழாய்கள் வேண்டும். அந்தக் குழாயைத் தாண்டாமல் வெளியே வர முடியாதபடி வழி அமைய வேண்டும். தின்பண்டக் கடை அதற்கு அப்பால்தான் இருக்கலாம். காட்டிய வரைபடத்தில் ஐஸ்கிரீம் கடை ஆட்டுப் பட்டிக்கு அடுத்தே இருக்கிறது. குழாயோ கழிப்பறைக்குப் பின்னால் ஒன்றே ஒன்று!

வாத்து வைப்பதானால் என் யோசனை, பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது. அறுவடை முடிந்த வயலில் வாத்து மந்தை ‘பக் பக்’ என்று இறங்கி வரும் காட்சி நம் ஊர்க் காட்சி. அதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் பறவைக் காய்ச்சலை வாத்து வெளியே தெரியாமலே சுமக்கக்கூடும். 2014இல் கேரளத்துக் குட்டநாட்டில் அது பரவியபோது எத்தனை வாத்துகளை அழிக்க வேண்டி வந்தது என்று துறையில் இருந்தவர்களுக்கு மறக்காது. நடுவில் ஒரு வாய்க்கால் அகலம் தள்ளி வாத்துகள் நீந்தட்டும்.

தீனி கொடுப்பதும் பணியாளர் கையால்தான் நடக்க வேண்டும். ஆடும் மாடும் வீட்டு விலங்குகள்தான், அவற்றுக்கு வனச் சட்டத்தின் கெடுபிடி கிடையாது என்று சொல்லலாம். ஆனால் பறவைக் கூண்டுகள் இருக்கும் அதே வளாகத்துக்குள் பட்டி வந்தால் அந்த 38ஜே பிரிவைக் காட்டி நாளைக்கு யாராவது கேள்வி எழுப்புவார்கள். பட்டிக்குத் தனி வேலி, தனி வாசல் போட்டுவிடுவது நல்லது. தவிர, ஒரு வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு கிலோ பசுந்தீவனம் போதும். நூறு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டினால் மறுநாள் காலை வயிறு உப்பிக் கிடக்கும். இப்படி வந்த ஆடுகளுக்கு நான் எத்தனையோ ராத்திரி எண்ணெய் புகட்டியிருக்கிறேன். பிள்ளைகள் அகத்திக் கொத்தை உருவித் தொட்டியில் போடலாம், தொட்டியை உள்ளே தள்ளுவது பணியாளர். அந்த வேலையே பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம்.

நாலாவது யோசனை ஆசிரியை சொன்னது. கூண்டும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். ஒரு சின்னக் குட்டை வெட்டுங்கள், செடி வையுங்கள், வருவது தானாக வரட்டும் என்றார். அப்போது நிறைய பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க எனக்கு அவர் சொன்னதுதான் அடிப்படை என்று பட்டது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அது ஏக்கர் கணக்கில் விரிந்தது. ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு வேண்டிய செடிகளுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. வேலியோரம் எருக்கும் கிலுகிலுப்பையும், நாலு எலுமிச்சை, ரெண்டு கறிவேப்பிலை, கொஞ்சம் ஆவாரை போதும். எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் சின்னப் புழு வளர வளரப் பச்சையாகிவிடும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பிள்ளை தானே கையை இழுத்துக்கொள்ளும். பேத்தி கேட்ட கேள்விக்கு இந்தப் புழுவிடம் பதில் இருக்கிறது.

குட்டையில் தட்டான் வரும், தவளை வரும், மடையான் வந்து ஒற்றைக்காலில் நிற்கும். கொசு வருமே என்பார்கள். தண்ணீர் தேங்கி, மீனும் இல்லாமல் கிடந்தால் கட்டாயம் வரும். நம் வாய்க்கால் சின்ன மீன்களும் தட்டான் குஞ்சுகளும் இருந்தால் கொசுப்புழுவைத் தின்று தீர்க்கும். மழை நின்றதும் வாரம் ஒருமுறை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழம் அரை அடிக்கு மேல் கூடாது, கரை சரிவாக இருக்க வேண்டும், ஒரு ஆள் எப்போதும் கண் பார்வையில் இருக்க வேண்டும்.

இதனோடு நான் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். நீரூற்றுக்கு ஒதுக்கிய இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டு வாய்க்கால். ஒரு கைபம்பு. கல்லணையில் பிரிவது போல அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரியட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பலகை மதகு. பிள்ளைகள் பம்பை அடித்து, பலகையைத் தூக்கி, வெண்ணாற்றில் தண்ணீர் விடட்டும். கடைமடை வரைக்கும் வந்து சேர்ந்ததா என்று ஓடிப் போய்ப் பார்க்கட்டும். மேலே ஒருவன் மதகை மூடினால் கீழே இருப்பவள் கத்துவாள். இதை அவர்களுக்கு வேறு எந்த விளையாட்டும் சொல்லித்தராது. பம்புத் தண்ணீர் ஒருமுறை ஓடிக் குட்டைக்கும் மரத்துக்கும் போய்ச் சேரட்டும், அதையே சுழற்றித் திரும்ப விட வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சப்பரத் தட்டி இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இந்த வாய்க்காலே படித்துறை ஆகட்டும்.

நாலாவது யோசனையின் குறை ஒன்றுதான். முதல் வருஷம் அங்கே பார்ப்பதற்கு அதிகம் இருக்காது. செடி வளர வேண்டும், குட்டை பழக வேண்டும். ரிப்பன் வெட்டும் நாளில் போட்டோவுக்கு நிற்க அங்கே ஒன்றும் இருக்காது. காத்திருக்க முடியாதவர்களுக்காகத்தான் மூன்றாவது வரைபடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

ஆகவே என் பங்கு பிரிப்பு இது. பாதிக்கு மேல் இடம் குட்டைக்கும் செடிக்கும் வாய்க்காலுக்கும். ஓரத்தில் தனி வேலியோடு ஒரு சின்னப் பட்டி. அதில் கொம்பில்லாத ஐந்தாறு நாட்டு வெள்ளாடு, ஒரு உம்பளச்சேரிப் பசுவும் கன்றும், அவ்வளவுதான். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி, குடற்புழு மருந்து, புதிதாக வரும் ஆட்டைக் கொஞ்ச நாள் தனியாகக் கட்டி வைப்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை பட்டியை மூடிவிட வேண்டும். ஆடுகளும் தூங்கட்டும். புங்க மரம் ஐந்தும் நிற்கட்டும்.

செலவில் கட்டுமானம் எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. இரண்டாவது வரைபடத்துச் சாமான்களின் விலையோடு ஒப்பிட்டால் மண் குட்டையும் மூங்கில் பட்டியும் சொற்பம். கவலை மாதாமாதம் கொடுக்க வேண்டிய சம்பளத்தில் இருக்கிறது. பட்டிக்கு முழுநேரமாக இரண்டு ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் தரை சகதியாகும்போது ஆட்டின் குளம்பு அழுகாமல் பார்க்கும் ஆளாக இருக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து கிடை ஓட்டி வரும் கீதாரிகளில் வயதாகி இங்கேயே தங்கிவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஆட்டின் இருமலைக் கேட்டே நோயைச் சொல்வார்கள். அவர்களில் ஒருவருக்கு இந்த வேலையைக் கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் ஆள் கிடைத்தது போல ஆகும். சம்பளத்துக்கு வழியில்லை என்று நகராட்சி கைவிரித்தால், பட்டியே வேண்டாம். நாலாவது யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆள் இல்லாத பட்டியில் அந்த முயல் கூண்டுதான் மறுபடி வரும்.

அடுத்த கூட்டம் ஆவணி முதல் வாரத்தில் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை பேத்தியையும் அழைத்துப் போகிறேன். புது வரைபடத்தை விரித்ததும் கை கழுவும் குழாய் எங்கே என்று நான் கேட்பேன். ஆடு ஒளிந்துகொள்ளும் இடம் எங்கே என்று அவள் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.